மருத்துவப் பதிவேட்டு வேலை என்பது வெறும் தட்டச்சு வேலைதானா? இத்துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

தேன்சிட்டு:
எல்லோருக்கும் வணக்கம். உயிரியல் பட்டப்படிப்பை முடித்து ஆறு மாதம் ஆகிறது. மருத்துவமனையில்தான் வேலை பார்க்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. டாக்டராகவோ நர்ஸாகவோ ஆகும் வழி எனக்கு அமையவில்லை. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், மெடிக்கல் கோடிங், ஹெல்த் இன்ஃபர்மேஷன் என்று மூன்று பெயர்கள் காதில் விழுகின்றன. மூன்றும் ஒன்றா, வேறு வேறா என்றே புரியவில்லை. வீட்டில் "கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டுகிற வேலைதானே, அதற்கா பட்டம் வாங்கினாய்" என்கிறார்கள். ஒரு பயிற்சி நிலையத்தில், மூன்று மாதத்தில் கோடர் ஆக்கி வேலையும் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். சேரலாமா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கோப்பறை:
22 ஆண்டுகளாகப் பதிவேட்டுப் பிரிவில் இருக்கிறேன் அம்மா. முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்.

நோயாளி உள்ளே வந்ததிலிருந்து வீடு திரும்பும் வரை எழுதப்படுவது அத்தனையும் சேர்ந்ததுதான் கேஸ் ஷீட். அது முழுமையாக இருக்கிறதா, சரியான ஆளுடையதுதானா, டாக்டர் கேட்கும்போது கைக்கு வருமா, பார்க்கக் கூடாதவர் கண்ணில் படாமல் இருக்கிறதா என்று பார்ப்பது பதிவேட்டு வேலை. அதில் எழுதியுள்ள நோயையும் சிகிச்சையையும் குறியீடாக மாற்றுவது கோடிங்; அது இந்த வேலையின் ஒரு பகுதி. இவற்றோடு கணினி அமைப்பு, புள்ளிவிவரம், தனியுரிமைச் சட்டம் எல்லாம் சேர்த்துச் சொல்வது ஹெல்த் இன்ஃபர்மேஷன்.

தட்டச்சு வேலை என்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். காகித ஃபைல் காலத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது. ஃபைல் எண் 48-36-12 என்றால் புதிதாக வந்தவர் 48-இல் தொடங்கித் தேடுவார். நாங்கள் பின்னாலிருந்து போவோம். முதலில் 12-ஆம் பகுதி, அதற்குள் 36, அதற்குள் 48. அதற்கு அடுத்து நிற்கும் ஃபைல் 48-36-13 இல்லை, 49-36-12. ஏன் இப்படி? முன்னாலிருந்து வரிசையாக அடுக்கினால் புதிய நோயாளிகளின் ஃபைல் எல்லாம் ஒரே மூலையில் குவியும். நாலு பேரும் அந்த ஒரு அலமாரி முன்னால் முட்டி மோதுவோம், மற்ற பக்கம் ஆளே இருக்காது. கடைசி இரண்டு இலக்கத்தால் பிரித்தால் 100 பகுதிகளிலும் சமமாகப் பரவிவிடும். எடுத்த ஃபைலின் இடத்தில் ஓர் அட்டை செருகுவோம்: யார் எடுத்தார், எங்கே போனது, எந்தத் தேதி. இன்று கணினியில் யார் எந்தப் பதிவைத் திறந்தார் என்று நிமிடக் கணக்கோடு பதிவாகிறதே, அது அந்த அட்டையேதான்.

முன்பு எங்களைப் பதிவு நூலகர் என்றுதான் அழைத்தார்கள். அமெரிக்காவில் 1928-இல் கிரேஸ் வைட்டிங் மையர்ஸ் முதல் தலைவராக இருந்து நடத்திய பதிவு நூலகர்கள் சங்கம்தான் இன்று அஹிமா என்று அறியப்படுகிறது. நூலகர் என்ற சொல்லே எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. தான் காக்கும் புத்தகத்தைப் படிக்கத் தெரியாதவர் நல்ல நூலகர் ஆக முடியாது.

குறியீடு:
ஒன்பது வருடமாக உள்நோயாளி கோடிங். ஐயா சொன்னதில் எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து: புதிதாக வருகிறவருக்கு இன்று அதிகம் திறந்திருக்கும் கதவு கோடிங்தான். பதிவேட்டுப் பிரிவில் நேரடியாக நுழைவது கடினம்.

ஆனால் அந்த மூன்று மாதப் பயிற்சிக்கு உடனே பணம் கட்டாதீர்கள் தங்கச்சி. "வேலை உறுதி" என்று யார் சொன்னாலும், எந்த நிறுவனத்தில், எந்தப் பிரிவில், எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள். பயிற்சி கெட்டது என்று சொல்லவில்லை. மூன்று மாதத்தில் குறியீட்டுப் புத்தகத்தைப் புரட்டக் கற்றுக்கொள்ளலாம். கேஸ் ஷீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ள முடியாது. சம்பளம் வருவது இரண்டாவதற்கு.

காசில்லாமல் தொடங்க நிறைய இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியல்களான ஐசிடி-10, ஐசிடி-11 இரண்டையும் அவர்கள் தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். ஐசிடி-11-ஐ 2019 மே மாதம் ஏற்றுக்கொண்டார்கள், 2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. நாடுகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கா 2015 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் ஐசிடி-10-சிஎம் என்ற தன் சொந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறது. அதன் விதிப் புத்தகம் ஆண்டுதோறும் இலவசமாக வெளியாகிறது. அதை வரி விடாமல் படியுங்கள். நூறு பேர் கோடிங் கற்கிறார்கள் என்றால் அந்த விதிகளை முழுக்கப் படித்தவர் மிகக் குறைவு. நேர்காணலில் இரண்டே கேள்வியில் அது தெரிந்துவிடும்.

சான்றிதழ் என்றால் ஏஏபிசி என்ற அமெரிக்கக் கோடர்கள் அமைப்பு நடத்தும் சிபிசி தேர்வு: 100 கேள்வி, 4 மணி நேரம், குறியீட்டுப் புத்தகங்களை உடன் வைத்துக்கொள்ளலாம். அனுபவம் இல்லாமல் தேறினால் பெயருக்குப் பின்னால் ஓர் "ஏ" ஒட்டிக்கொள்ளும், பயிற்சிநிலை என்று பொருள். அனுபவம் வந்ததும் அது போய்விடும். உள்நோயாளி கோடிங்குக்கு அஹிமாவின் சிசிஎஸ் தேர்வுக்கு மதிப்பு அதிகம். இவை அமெரிக்க முறைக்கானவை. எந்த நாட்டு மருத்துவமனைக்கு வேலை செய்யப் போகிறீர்களோ அந்த நாட்டு முறையைப் படியுங்கள்.

அலைவரிசை:
நான் கணினிப் பக்கம். சொல்லாமல் இருக்க முடியவில்லை: கோடிங்கையே நம்பி வராதீர்கள். எளிய வெளிநோயாளி கேஸ்கள், எக்ஸ்ரே அறிக்கைகள் போன்றவற்றில் இயந்திரமே குறியீடு பரிந்துரைத்து, மனிதர் தலையாட்டினால் போதும் என்ற நிலை வந்துவிட்டது. இன்று சேரும் ஒருவர் பத்து வருடம் கழித்து என்ன செய்வார்?

குறியீடு:
அலைவரிசை சொல்வதில் பாதி உண்மை. எளிய கேஸ்களில் ஆள் குறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த இயந்திரத்தின் பரிந்துரைகளைச் சரிபார்ப்பதும் என் வேலைதான், அதனால் எங்கே தவறுகிறது என்று தினமும் பார்க்கிறேன். "நிமோனியா இருப்பதற்கான அறிகுறி இல்லை" என்ற வரியிலிருந்து நிமோனியாவைப் பிடித்துக்கொண்டு வரும். முந்தைய அட்மிஷன் குறிப்பை யாரோ வெட்டி ஒட்டியிருப்பார்கள், ஆறிப்போன நோயை இன்றைய நோயாகக் காட்டும். "அம்மாவுக்குப் புற்றுநோய்" என்பதை மகளுக்குப் போடும். இதைப் பிடிக்க ஷீட்டைப் படித்த ஆள் வேண்டும். குறியீட்டை மட்டும் தேடத் தெரிந்தவருக்கு ஆபத்து. படிக்கத் தெரிந்தவர் ஆடிட் பக்கம் போவார்.

கோப்பறை:
இருவரும் கோடிங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த வேலையில் ஓர் உயிர் போகக்கூடிய இடம் எது என்று கேட்டால் நான் பெயர்ப்பதிவைத்தான் சொல்வேன்.

ஒரே பெயர், ஒரே பிறந்த ஆண்டு, இரண்டு பெண்கள். இரண்டாமவர் வந்தபோது பதிவு மேசையில் இருந்தவர் பெயரைத் தட்டியிருக்கிறார், முதலில் வந்த வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அவ்வளவுதான். இரண்டாமவரின் ரத்தப் பரிசோதனை முதல் பெண்ணின் பதிவுக்குள் போய்விட்டது. பல மாதம் கழித்து முதல் பெண் அறுவை சிகிச்சைக்கு வந்தார். பதிவில் ஒரு ரத்த வகை, அன்று எடுத்த மாதிரியில் வேறு ரத்த வகை. ரத்த வங்கியில் இருந்தவர் நிறுத்தி எங்களைக் கூப்பிட்டார். அந்தப் பிற்பகல் முழுக்க நானும் இன்னொருவரும் தரையில் தாள்களைப் பரப்பி, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்தையும் தேதியையும் வார்டையும் பார்த்து, இது யாருடையது, இது யாருடையது என்று பிரித்தோம். ஒவ்வாமைக் குறிப்பு ஒன்று யாருடையது என்று கடைசி வரை தெளிவாகவில்லை. இருவரையும் அழைத்துக் கேட்டுத்தான் முடித்தோம்.

ஒருவருக்கே இரண்டு எண் இருந்தால் அது இரட்டைப் பதிவு. தொல்லைதான், சேர்த்துவிடலாம். இரண்டு பேர் ஓர் எண்ணுக்குள் போய்விட்டால் அதைப் பிரிப்பது எவ்வளவு பாடு என்று செய்தவருக்குத்தான் தெரியும். இதைக் கவனிக்கவென்றே பெரிய மருத்துவமனைகளில் தனி ஆட்கள் இருக்கிறார்கள். நோயாளி அடையாளப் பட்டியலைக் காப்பவர்கள். யாருக்கும் அவர்கள் பெயர் தெரியாது.

அலைவரிசை:
ஐயா சொன்ன அந்தச் சேர்க்கைதான் என் பிழைப்பு. கணினியில் இரண்டு எண்ணை ஒன்றாக்கினால் அந்தச் செய்தி ஆய்வகம், எக்ஸ்ரே, மருந்தகம் என்று எல்லா மென்பொருளுக்கும் போக வேண்டும். மருத்துவமனை மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் ஹெச்எல்7 என்ற முறையில் அனுப்புவோம். அட்மிஷனுக்கு ஏ01, டிஸ்சார்ஜுக்கு ஏ03, பதிவுகளைச் சேர்ப்பதற்கு ஏ40. ஒருமுறை எங்கள் ஏ40 எல்லா இடத்துக்கும் போனது, ஆய்வக மென்பொருள் மட்டும் அதை வாங்கிக் கீழே போட்டுவிட்டது. பழைய எண்ணிலேயே ரிசல்ட் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் திரையில் ஒன்றும் வரவில்லை. "பரிசோதனையே செய்யவில்லையா" என்று வார்டுக்கும் ஆய்வகத்துக்கும் சண்டை. கண்டுபிடித்தது நான் இல்லை. பதிவேட்டுப் பிரிவிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்த ஒரு பெண், எண்ணைப் பார்த்ததும் "இது சேர்த்துவிட்ட எண் ஆயிற்றே" என்றார்.

அதனால் சொல்கிறேன் தேன்சிட்டு, மென்பொருள் தெரிந்தவர்கள் எங்களிடம் நிறைய உண்டு. பதிவேடு எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை. இப்போது அதே வேலைக்கு ஃபையர் என்ற புதிய முறை பரவுகிறது. அதற்கும், தரவுத்தளத்தில் தேட உதவும் எஸ்கியூஎல்லுக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். நான் முன்னால் எழுதியது கொஞ்சம் கடுமைதான். கோடிங்கில் நுழையுங்கள், அங்கேயே நின்றுவிடாதீர்கள் என்று படித்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். நான் 11 வருடமாக வார்டு நர்ஸ். முதுகு வலி, இனி இரவுப்பணி முடியாது. எனக்கு இதில் இடம் உண்டா? கம்ப்யூட்டர் ரொம்பத் தெரியாது.

குறியீடு:
உங்களுக்கு இல்லாமலா அக்கா? சிடிஐ என்று ஒரு பிரிவு இருக்கிறது. நோயாளி வார்டில் இருக்கும்போதே ஷீட்டைப் படித்து, டாக்டர் கவனித்த நோய் எழுத்தில் வந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அதில் பெரும்பாலும் நர்ஸ்களைத்தான் விரும்புகிறார்கள். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் மூன்று நாளாக ஏறுகிறது, சிறுநீர் குறைகிறது, டாக்டர் மருந்தளவையும் மாற்றிவிட்டார், ஆனால் நோயின் பெயரை எங்கும் எழுதவில்லை. அதைப் பார்த்த மாத்திரத்தில் உங்களுக்குத் தெரியும். எனக்கு அது தெரிய நாலு வருடம் ஆனது.

பதிவாளன்:
புற்றுநோய்ப் பதிவகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வாசலை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எங்கள் குறியீட்டில் இரண்டு பகுதி: கட்டி எங்கே, அது என்ன வகை. மார்பகத்தின் மேல் வெளிப்பகுதி என்றால் சி50.4. திசு வகை 8500/3. அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் ஓர் இலக்கம்தான் எல்லாம். 0 என்றால் தீங்கற்றது, 2 என்றால் தோன்றிய இடத்தைத் தாண்டாதது, 3 என்றால் ஊடுருவியது. 2-க்கு பதில் 3 என்று அடித்தால் ஓர் ஊரில் புற்றுநோய் கூடிவிட்டது போல் கணக்கு காட்டும்.

இங்கே அவசரம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை கேஸ் என்று விரட்ட மாட்டார்கள். ஒரு நோயாளியை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வோம். ஐந்தாண்டு கழித்து "நலம்" என்று பதியும் நாள் எனக்கு நல்ல நாள்.

தேன்சிட்டு:
இவ்வளவு எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் அப்பாவிடம் அந்த 48-36-12 கதையைச் சொன்னேன், அமைதியாகக் கேட்டார். ஒரு பயம் மட்டும் இருக்கிறது. பணத்துக்காகக் குறியீட்டை மாற்றச் சொல்வார்கள் என்று ஒரு தோழி சொன்னாள். உண்மையா?

குறியீடு:
நடக்கிறது. நான் முன்பு இருந்த ஓர் இடத்தில், காய்ச்சலும் நாடித்துடிப்பும் கூடுதலாக இருந்தால் செப்சிஸ் (தொற்றால் உயிருக்கே ஆபத்தாகும் நிலை) போடு என்று வாய்வழி உத்தரவு. டாக்டர் எழுதாத நோயை நான் எழுதுவது பொய். பணம் கொடுப்பவரை ஏமாற்றுவது ஒரு பக்கம், அந்த நோயாளியின் பதிவில் வராத நோய் ஒன்று வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். நாளை அவர் காப்பீடு கேட்டால் அது எதிரே வந்து நிற்கும். மறுத்தேன். கேஸ் கணக்கு குறைவு என்று காரணம் காட்டினார்கள், நானே விலகினேன். இரண்டு மாதம் வேலை இல்லை. கஷ்டப்பட்டேன், வருத்தப்படவில்லை. இப்போது இருக்கும் இடத்தில் நேர்காணலில் அதையே சொன்னேன், எடுத்துக்கொண்டார்கள்.

எழுத்தில் உத்தரவு கேளுங்கள். கேட்டாலே பாதிப் பேர் பின்வாங்குவார்கள்.

கோப்பறை:
இதோடு இன்னொன்று சேர்க்கிறேன். பதிவை வெளியே கொடுப்பது. மனைவியின் ரிப்போர்ட்டைக் கேட்டு கணவர் வருவார். நல்ல மனிதராகவே இருப்பார், பதறிப்போயிருப்பார். அந்த அம்மாவின் சம்மதம் கையில் இல்லாமல் கொடுக்கக் கூடாது. பலமுறை திட்டு வாங்கியிருக்கிறேன். ஒருமுறை அந்த அம்மாவே பிறகு வந்து, "அன்று கொடுக்காமல் இருந்தீர்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வேறெதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதே சமயம் நோயாளி தன் பதிவைத் தானே கேட்டால் இழுத்தடிக்கக் கூடாது. அமெரிக்காவின் ஹிப்பா என்ற தனியுரிமை விதி 30 நாள் என்கிறது, ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தனியுரிமைச் சட்டம் ஒரு மாதம் என்கிறது. அது அவருடைய உடம்பைப் பற்றிய எழுத்து.

குறியீடு:
தேன்சிட்டு, பேசியது போதும். ஒரு கேஸ் தருகிறேன், நானே கற்பனையாக எழுதியது. செய்து பாருங்கள்.

62 வயதுப் பெண். நான்கு நாள் காய்ச்சல், இருமல். எக்ஸ்ரேயில் வலது கீழ்ப்பகுதியில் வெண்மை. முதல் நாள் சளி, கிருமியைக் கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பப்பட்டது. மூன்றாம் நாள் முடிவு: கிளெப்சியெல்லா நிமோனியே. அன்றே ஆன்டிபயாடிக் மாற்றம். டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் எழுதியது: நிமோனியா, டைப் 2 சர்க்கரை நோய், நாள்பட்ட சிறுநீரக நோய், நிலை 3. ஐசிடி-10-சிஎம்மில் என்ன போடுவீர்கள்?

தேன்சிட்டு:
மூன்று நாள் உட்கார்ந்தேன். ஜே15.0 கிளெப்சியெல்லா நிமோனியா. ஈ11.9 சர்க்கரை நோய். என்18.30 சிறுநீரகம். சரியா அக்கா?

குறியீடு:
மூன்றில் ஒன்று சரி. முதல் முயற்சிக்கு அது நல்ல கணக்கு.

சர்க்கரை நோயும் நாள்பட்ட சிறுநீரக நோயும் ஒரே ஷீட்டில் இருந்தால், வேறு காரணம் என்று டாக்டர் எழுதாதவரை இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ள அந்த விதிப் புத்தகம் சொல்கிறது. "உடன்" என்ற சொல்லுக்கான விதி அது. எனவே ஈ11.9 இல்லை, ஈ11.22, அதோடு என்18.30.

நிமோனியாவில் நேர் எதிர். கிருமியை ஆய்வகம் சொன்னது, டாக்டர் சொல்லவில்லை. கல்ச்சரைப் பார்த்து நாமாகக் குறியீடு போடக் கூடாது. இப்போதைக்கு ஜே18.9 தான். ஆனால் அதோடு விட்டுவிட்டால் உண்மையான நோய் பதிவில் இல்லாமல் போகும். டாக்டரிடம் கேட்க வேண்டும். அந்தக் குவெரியை எழுதுங்கள் பார்ப்போம்.

தேன்சிட்டு:
"டாக்டர், கல்ச்சரில் கிளெப்சியெல்லா வந்திருக்கிறது. கிளெப்சியெல்லா நிமோனியா என்று மாற்றி எழுதித் தருகிறீர்களா?"

குறியீடு:
இது கேள்வி இல்லை தங்கச்சி, பதிலை நீங்களே சொல்லி கையெழுத்து கேட்கிறீர்கள். ஷீட்டில் உள்ளதை எடுத்து வையுங்கள், பொருந்தக்கூடிய விடைகளைக் கொடுங்கள், வேறு என்றும் தீர்மானிக்க முடியவில்லை என்றும் சொல்ல அவருக்கு இடம் விடுங்கள். பணத்தைப் பற்றி ஒரு சொல் கூட இருக்கக் கூடாது.

இரவுப்பணி:
டாக்டர் பக்கம் நின்று சொல்கிறேன். சுருக்கமாக இருக்கட்டும். ரவுண்ட்ஸ் நடுவில் நின்றுகொண்டே படிப்பார்கள்.

தேன்சிட்டு:
"மதிப்புக்குரிய டாக்டர், டிஸ்சார்ஜ் சம்மரியில் நிமோனியா என்று உள்ளது. முதல் நாள் அனுப்பிய சளி கல்ச்சரில் கிளெப்சியெல்லா நிமோனியே வளர்ந்ததாக மூன்றாம் நாள் முடிவு வந்துள்ளது. அன்றே ஆன்டிபயாடிக் மாற்றப்பட்டுள்ளது. உங்கள் மருத்துவத் தீர்மானப்படி இந்த நிமோனியாவின் காரணத்தைக் குறிப்பிட முடியுமா? கிளெப்சியெல்லா நிமோனியா / வேறு பாக்டீரியா நிமோனியா / கிருமி தெரியாத நிமோனியா / வேறு, குறிப்பிடவும் / தீர்மானிக்க முடியவில்லை."

குறியீடு:
இதை நான் அப்படியே அனுப்புவேன். ஒரு திருத்தம் மட்டும்: முதல் நாள், மூன்றாம் நாள் என்று எழுதாமல் தேதியும் நேரமும் எழுதுங்கள். டாக்டர் அந்தப் பக்கத்தைத் தேடாமல் திறக்க வேண்டும்.

அடுத்த கேஸ் ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன், எலும்பு முறிவு. அதற்குள் குறியீட்டில் ஏழாவது எழுத்து எதற்கு வருகிறது என்று படித்து வையுங்கள். அக்கா, நீங்களும் செய்யுங்கள்.

இரவுப்பணி:
செய்கிறேன். ஞாயிறு எனக்கு விடுப்புதான்.